ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்த பொட்டி: ஒரு திருப்பூர் ஆபீஸ் மெயில் சர்ட்டிஃபிகேட் கேஸ்

2024 நவம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை, காலைல 9:40 இருக்கும், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. லேப்டாப் ஸ்க்ரீனை போன்ல எடுத்தது, பாதி ட்யூப்லைட் வெளிச்சம் அடிச்சுக்கிட்டு இருக்கு, நடுவுல தண்டர்பேர்ட்ங்கற மெயில் ப்ரோக்ராமோட செக்யூரிட்டி எக்ஸெப்ஷன் பொட்டி, அதாவது செர்வரோட அடையாளம் சரியில்ல, இருந்தாலும் நம்பலாமான்னு கேக்கற எச்சரிக்கை. கீழ ஒரு வரி: "அண்ணா, மெயில் ஓப்பன் பண்ணா இது வருது, எல்லாரும் கடைசி பட்டனை அமுக்க சொல்றாங்க, அமுக்கலாமுங்களா?"

அனுப்பினது மெர்ச்சன்டைசிங்ல புதுசா சேர்ந்த பொண்ணு, வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு. அந்த ஆபீஸ்ல மொத்தம் 9 மிஷின், அன்னிக்கு காலைல பெரும்பாலான மிஷின்ல அதே பொட்டி வந்திருக்கு, கேள்வி கேட்டது இந்த ஒரு பொண்ணு மட்டும்தான். அந்த ஒரு கேள்வியால அன்னிக்கு நாலு தனித்தனி கோளாறு வெளிய வந்துச்சு, அதுல ஒன்னு நெசமாவே ஆபத்தானது, அதனாலதான் இதை முழுசா எழுதி வெக்கறேன்.

இடத்தை பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். பனியன் ஏற்றுமதி பண்ற சின்ன கம்பெனி. 7 மிஷின்ல தண்டர்பேர்ட், ஓனர் மிஷின்லயும் அவங்க தம்பி மிஷின்லயும் அவுட்லுக். ஆர்டர் ஷீட்டு, சைஸ் சார்ட்டு, சாம்பிள் கமென்ட்ஸ், இன்வாய்ஸ், எந்த பேங்க் அக்கவுண்ட்ல பணம் போடணும்ங்கற விவரம் எல்லாமே மெயில்லதான் போய் வருது. இந்த மாதிரி ஆபீஸோட ஒரு மெயில் பாஸ்வேர்ட் வெளிய போச்சுன்னா என்ன நடக்கும்னு இந்த ஊர்ல வேலை பாக்கறவங்களுக்கு தெரியும், யாரோ ஒருத்தன் மாசக்கணக்குல சத்தமே இல்லாம மெயிலை படிச்சுக்கிட்டு இருப்பான், பெரிய பேமென்ட் வர்ற நேரம் பாத்து அதே லெட்டர்ஹெட்ல அக்கவுண்ட் நம்பரை மட்டும் மாத்தி சரக்கு வாங்கற பையருக்கு அனுப்புவான், பணம் எங்கயோ போயிரும். அதனால செர்வரோட அடையாள அட்டையான சர்ட்டிஃபிகேட்டை பத்தின பொட்டின்னு சொன்னாலே எனக்கு வயித்துல ஒரு மாதிரி பண்ணும்.

உடனே போன் போட்டு யாரும் எதையும் அமுக்க வேண்டாம்னு சொன்னேன். அக்கவுண்ட்ஸ் பாக்கற அக்கா எடுத்தாங்க. "அது எப்பவும் வர்றது தான் தம்பி, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரும், அமுக்குனா போயிரும், இதுக்கு போயி உங்கள வரச்சொல்லோணுமா"ன்னாங்க. அந்த "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா"ல என் காது நின்னுடுச்சு, வண்டி எடுத்துட்டு கெளம்பிட்டேன்.

அந்த பொட்டியை யாரும் படிக்கறதே இல்ல, ஆனா அதுல எல்லாமே எழுதி இருக்கு. மேல எந்த செர்வர், அதுல எந்த வாசல், அதாவது எந்த போர்ட்டுன்னு இருக்கும், இங்க 993. அதுக்கு கீழ இந்த செர்வர் தப்பான அடையாளத்தை காட்டுதுன்னு இருக்கும், காரணமும் இருக்கும், பேர் பொருந்தலயா, யார் குடுத்ததுன்னு தெரியலயா, தேதி முடிஞ்சுதான்னு. நேர்மையான பேங்க்கோ கடையோ இப்படி உங்ககிட்ட கேக்காதுன்னு கூட ஒரு வரி உண்டு. அடியில "இந்த எக்ஸெப்ஷனை நிரந்தரமா வெச்சுக்கோ"ன்னு ஒரு கட்டம், அது ஏற்கெனவே டிக் ஆகியே வரும். கடைசியில கன்ஃபர்ம் பட்டன். இன்வாய்ஸ் போகணும், கூரியர் பையன் வெளிய நிக்கறான்னு அவசரத்துல இருக்கற ஒருத்தர் கண்ணுக்கு அந்த கடைசி பட்டன் மட்டும்தான் படும், அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

மொதல்ல அக்கா மிஷின்ல உக்காந்து, கன்ஃபர்ம் பண்ணாம "வியூ" பட்டனை அமுக்கினேன். சர்ட்டிஃபிகேட் விரிஞ்சு வரும்போது நான் பாக்கறது மூணே மூணு விஷயம்: யார் பேருக்கு, யார் குடுத்தது, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும். குடுத்தது லெட்ஸ் என்க்ரிப்ட், இலவசமா சர்ட்டிஃபிகேட் குடுக்கற அமைப்பு, அவங்களோட ஆர்10ங்கற இடைப்பட்ட சர்ட்டிஃபிகேட்ல கையெழுத்து ஆகியிருக்கு, அந்த காலத்துல அது சரியானதுதான். தேதி பாத்தா ரெண்டு நாள் முன்னாடிதான் தொடங்குது, மொத்தம் 90 நாள், அதுவும் சரி. ஆனா பேரு? தண்டர்பேர்ட்ல செர்வர்னு போட்டு இருக்கறது கம்பெனி டொமைனுக்கு முன்னாடி மெயில்னு சேத்த பேரு, சர்ட்டிஃபிகேட்ல இருக்கறதோ மெயில் செர்வரை வாடகைக்கு குடுக்கற ஹோஸ்டிங்காரரோட செர்வர் பேரு. கம்பெனி பேரு மாற்றுப் பேர் பட்டியல்ல எங்கயுமே இல்ல. கூரியர்காரர் உங்க வீட்டு கதவ தட்டி, பக்கத்து தெருக்காரர் பேர் போட்ட அடையாள அட்டைய நீட்டுற மாதிரி. அவர் நல்லவராவே இருக்கலாம், ஆனா அத வெச்சு உள்ள விட முடியாது இல்லீங்களா.

இப்ப அந்த ரெண்டு மாச கணக்கு புரிஞ்சுது. தண்டர்பேர்ட்ல ஒரு எக்ஸெப்ஷன் குடுத்தா, அது "இந்த செர்வரை எப்பவும் நம்பு"ன்னு ஆகாது. செர்வர் பேரு, போர்ட்டு, அன்னிக்கு வந்த அந்த குறிப்பிட்ட சர்ட்டிஃபிகேட்டோட கைரேகை (அதுக்கு மட்டுமே உரிய ஒரு குறியீடு), இந்த மூணையும் சேத்து ப்ரொஃபைல் ஃபோல்டர்ல ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். சர்ட்டிஃபிகேட் புதுசானா கைரேகை மாறிடும், பழைய எக்ஸெப்ஷன் செல்லாது, மறுபடி பொட்டி வரும். லெட்ஸ் என்க்ரிப்ட் 90 நாளுக்கு குடுக்குது, செர்வர்கள் வழக்கமா 30 நாள் மிச்சம் இருக்கும்போதே புதுப்பிச்சுக்கும், ஆக 60 நாளைக்கு ஒரு தடவை பொட்டி. உள்ள வர்ற மெயிலுக்கு 993, வெளிய போறதுக்கு 465, ரெண்டுக்கும் தனித்தனியா வேற. ஹோஸ்டிங் மாத்தினதுல இருந்து ஒன்றரை வருஷமா இந்த ஆபீஸ் முழுக்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா "யாரா இருந்தாலும் உள்ள வா"ன்னு சொல்லி பழகி இருக்காங்க. இந்த பழக்கம்தான் என்ன பயமுறுத்துச்சு, ஏன்னா நெசமாவே எவனாவது நடுவுல உக்காந்து தன்னோட சர்ட்டிஃபிகேட்டை நீட்டினாலும் வர்றது இதே பொட்டி, இதே பட்டன், அமுக்கின அடுத்த நொடி பாஸ்வேர்ட் அவன் கையில.

இது இனிமே இன்னும் அடிக்கடி வரப்போற பிரச்சனைங்கறதையும் இங்கயே சொல்லணும். 2020 செப்டம்பர்ல இருந்து பொது சர்ட்டிஃபிகேட்டுக்கு அதிகபட்சம் 398 நாள்னு இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல, சர்ட்டிஃபிகேட் குடுக்கறவங்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேந்த சிஏ பிரவுசர் ஃபோரம்ல ஓட்டு போட்டு அதை படிப்படியா குறைக்கறதுன்னு முடிவாச்சு, 2026 மார்ச் 15ல இருந்து 200 நாள், 2027ல 100 நாள், 2029 மார்ச்ல இருந்து 47 நாள். வருஷத்துக்கு ஒருக்கா எக்ஸெப்ஷன் அமுக்கி ஓட்டிக்கிட்டு இருக்கற ஆபீஸ் எல்லாம் அப்ப மாசாமாசம் அமுக்க வேண்டி வரும்.

சரி, கம்பெனி பேருக்கு ஏன் சர்ட்டிஃபிகேட் இல்ல? ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல்ல ஒவ்வொரு டொமைனுக்கும் தானாவே லெட்ஸ் என்க்ரிப்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கி போடற வசதி இருக்கு, மெயில்னு முன்னாடி சேத்த பேருக்கும் சேத்தே வாங்கும். அது கிடைக்கலன்னா செர்வர் வேற வழியில்லாம தன் சொந்த பேர்ல இருக்கறத எடுத்து நீட்டும், இங்க நடந்தது அதான். லாக் எடுத்து பாத்தா ஒவ்வொரு நாளும் முயற்சி பண்ணி ஒவ்வொரு நாளும் தோத்திருக்கு, காரணம்னு போட்டிருந்தது சிஏஏ.

நெறைய பேருக்கு இந்த சிஏஏ தெரியறதில்ல. டிஎன்எஸ்ல, அதாவது ஒரு டொமைன் பேரோட விவரம் எல்லாம் இருக்கற பட்டியல்ல, போடற ஒரு பதிவு அது, "என் டொமைனுக்கு இன்ன கம்பெனி மட்டும்தான் சர்ட்டிஃபிகேட் குடுக்கலாம்"னு சொல்றது. 2017 செப்டம்பர்ல இருந்து சர்ட்டிஃபிகேட் குடுக்கற எல்லாரும் குடுக்கறதுக்கு முன்னாடி அதை பாத்தே ஆகணும்னு விதி. நல்ல விஷயம்தான், யாரோ ஒருத்தர் வேற எங்கயோ போய் உங்க பேர்ல வாங்கறத தடுக்கும். இந்த ஆபீஸ் வெப்சைட் வேற இடத்துல ஓடுது, அதுக்கு ஒரு காசு சர்ட்டிஃபிகேட் வாங்கி இருக்காங்க, அப்ப வேலை பாத்த டெவலப்பர் பொறுப்பா அந்த ஒரு கம்பெனி பேரை மட்டும் சிஏஏல போட்டுட்டு போயிட்டார். மெயில் பேருக்குன்னு தனியா சிஏஏ இல்லன்னா ஒரு படி மேல ஏறி டொமைனோட சிஏஏ என்ன சொல்லுதுன்னு பாப்பாங்க, அங்க லெட்ஸ் என்க்ரிப்ட் பேர் இல்ல, முடியாதுன்னுட்டாங்க. அந்த டெவலப்பர் செஞ்சதுல தப்பில்ல, அப்ப மெயிலும் வேற இடத்துல இருந்துச்சு. அப்புறமா மெயிலை மாத்தினவங்க யாரும் டிஎன்எஸ்ஸை திரும்பி பாக்கல, அவ்ளோதான்.

எனக்கு முன்னாடி ரெண்டு வழி இருந்துச்சு. ஒன்னு, எல்லா மிஷின்லயும் செர்வர் பேரை ஹோஸ்டிங்காரர் செர்வர் பேராவே மாத்திடறது, அஞ்சு நிமிஷ வேலை, பொட்டி அப்பவே நின்னுடும், நெறைய பேர் அதைத்தான் பண்ணுவாங்க, அது தப்பும் இல்ல. ஆனா ஹோஸ்டிங்காரர் நாளைக்கு அந்த கணக்கை வேற செர்வருக்கு நகத்தினா மறுபடி 9 மிஷின்லயும் போய் மாத்தணும், நகத்தின அன்னிக்கு மறுபடி குழப்பம், மறுபடி யாராவது எதையாவது அமுக்குவாங்க. அதனால ரெண்டாவது வழி, டிஎன்எஸ்ல இன்னொரு சிஏஏ வரி, ஃப்ளாக் 0, டேக் இஷ்யூ, மதிப்புல லெட்ஸ் என்க்ரிப்ட்டோட டொமைன். பழைய வரியை தொடல, வெப்சைட்டுக்கு அது வேணும். டிஎன்எஸ் பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்குன்னு தேடறதுக்குத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு, பதிவு போட ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

போட்டுட்டு பேனல்ல மறுபடி ஓட விட்டேன், கொஞ்ச நேரத்துல கம்பெனி பேர்லயே சர்ட்டிஃபிகேட் வந்துடுச்சு. ஆபீஸ் நெட்டை நம்பாம, என் லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்ல போட்டு ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற கருவிய வெச்சு 993க்கும் 465க்கும் நேரா பேசி பாத்தேன், பேரு சரி, நடுவுல இருக்க வேண்டிய சர்ட்டிஃபிகேட்டும் கூடவே வருது, கடைசி வரில வெரிஃபை கோட் 0. இந்த 0 வந்தா, ஒன்னுக்கு மேல ஒன்னா கையெழுத்து போட்ட சர்ட்டிஃபிகேட் சங்கிலி, எல்லாத்துக்கும் மேல நாம நேரா நம்பற ரூட் வரைக்கும் ஒழுங்கா போகுதுன்னு அர்த்தம், ஆனா பேர் பொருந்துதான்னு அது தானா பாக்காது, அதை நம்ம கண்ணால பாத்துக்கணும்.

அப்புறம் ஒவ்வொரு மிஷினா போய் பழைய எக்ஸெப்ஷனை அழிச்சேன். தண்டர்பேர்ட்ல செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழ வரைக்கும் இறங்கினா சர்ட்டிஃபிகேட்ஸ்னு ஒரு பகுதி, அங்க மேனேஜ் சர்ட்டிஃபிகேட்ஸ். தெறக்கற ஜன்னல்ல பல டேப் இருக்கும், நமக்கு வேண்டியது செர்வர்ஸ் டேப், நீங்க இதுவரைக்கும் அமுக்கின எக்ஸெப்ஷன் எல்லாம் அங்கதான் உக்காந்து இருக்கும். ஒழுங்கான செர்வர் வெச்சிருக்கற ஒருத்தருக்கு அந்த டேப் காலியா இருக்கணும். அத்தாரிட்டீஸ் டேப்ல இருக்கறது ரூட்டுங்க, அங்க தெரியாம கை வெக்கக் கூடாது. அழிச்சிட்டு தண்டர்பேர்டை முழுசா மூடி தெறந்தா பொட்டி வராம மெயில் இறங்குச்சு. அக்கா மிஷினையும் சேத்து நாலு மிஷின் சரி. அவுட்லுக் ரெண்டும் தானாவே சரியாச்சு, அவுட்லுக்ல பேர் பொருந்தலன்னா ஒவ்வொரு தடவை தெறக்கும்போதும் எஸ் நோ கேக்கும், ஓனர் தினமும் காலைல எஸ் அமுக்கிட்டு இருந்திருக்கார், அது மெயில் தெறக்கற முறையில ஒரு பகுதின்னே நெனச்சிருக்கார்.

இந்த இடத்துல அக்கா ஒன்னு கேட்டாங்க. "நம்ம கிட்ட டிஎஸ்சி டோக்கன் இருக்கே தம்பி, அதை சொருகி இங்க ஏத்திட்டா இது வராதுங்களா?" நல்ல கேள்வி. டிஎஸ்சின்னா டிஜிட்டல் கையெழுத்து, டோக்கன் அது இருக்கற யூஎஸ்பி. ஏற்றுமதி ஆபீஸ்னா வெளிநாட்டு வர்த்தகத்தை பாக்கற டிஜிஎஃப்டி வேலைக்கும் மத்த ஃபைலிங்குக்கும் அந்த டோக்கன் இல்லாம இருக்காது, அதுவும் சர்ட்டிஃபிகேட்தான். ஆனா அது நாம யாருன்னு அரசாங்கத்துக்கு காட்டறது, இங்க பொட்டி வந்தது செர்வர் தான் யாருன்னு நமக்கு காட்டும்போது. நம்ம அட்டையை எவ்வளவு நீட்டினாலும் எதிர்ல நிக்கறவர் அட்டை சரியாகாது.

அந்த புதுப் பொண்ணோட லேப்டாப்ல மட்டும் பொட்டி போகல. இப்ப காரணம் வேற, பேர் பொருந்துது, ஆனா குடுத்தவர் யாருன்னு தெரியலன்னு சொல்லுது. வியூ அமுக்கி பாத்தா குடுத்தவர்ங்கற இடத்துல லெட்ஸ் என்க்ரிப்ட் இல்ல, லேப்டாப் வாங்கும்போதே கூட வந்த ஒரு ஆன்டிவைரஸ் பேரு இருக்கு. காலைல அந்த பொண்ணு அனுப்பின போட்டோல பொட்டியோட முன்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுது, அப்ப பேர் கோளாறும் இதுவும் ஒன்னு மேல ஒன்னா இருந்திருக்கு.

நடக்கறது என்னன்னா, ஆன்டிவைரஸ் மெயில்ல வைரஸ் இருக்கான்னு பாக்கணும்னா பூட்டை, அதாவது என்க்ரிப்ஷனை தெறக்கணும், அதனால செர்வருக்கும் தண்டர்பேர்டுக்கும் நடுவுல தானே உக்காந்துக்கும், செர்வர் கிட்ட ஒரு பக்கம் பேசி, தண்டர்பேர்டுக்கு தானே அடிச்ச ஒரு சர்ட்டிஃபிகேட்டை நீட்டும். அதை நம்ப வெக்க தன்னோட ரூட்டை விண்டோஸ் நம்பிக்கை பட்டியல்ல ஏத்தி வெச்சிருக்கும். அவுட்லுக் விண்டோஸ் பட்டியலை நம்பறதால கண்டுக்காது. தண்டர்பேர்ட் மொஸில்லாங்கற அமைப்போட சொந்த பட்டியலை வெச்சிருக்கு, அந்த லேப்டாப்ல அதை மட்டும் பாத்துட்டு இவன் யாருன்னு கேட்டுச்சு. "அவுட்லுக்ல ஒழுங்கா வருது, தண்டர்பேர்ட்தான் தகராறு பண்ணுது"ன்னு நெறைய பேர் சொல்றதுக்கு பின்னாடி பாதி நேரம் இதுதான் இருக்கும்.

தனி பட்டியல் வெச்சிருக்கறது வீண் பிடிவாதம்னு நெனக்கறவங்களுக்கு நம்ம நாட்டுலயே ஒரு சம்பவம் இருக்கு. 2014 ஜூலைல மத்திய அரசோட தேசிய தகவல் மையமான என்ஐசியோட சர்ட்டிஃபிகேட் அமைப்புல இருந்து கூகிள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சர்ட்டிஃபிகேட் வெளிய போயிருந்தத கூகிள் கண்டுபிடிச்சுது. அதுக்கு மேல இருந்த ரூட், சர்ட்டிஃபிகேட் குடுக்கறவங்கள கட்டுப்படுத்தற இந்திய அரசோட சிசிஏ, அது மைக்ரோசாஃப்ட் பட்டியல்ல இருந்துச்சு, அதனால விண்டோஸ் பட்டியலை நம்பற ப்ரோக்ராம் எல்லாம் அந்த சர்ட்டிஃபிகேட்டை ஏத்துக்கும். மொஸில்லா பட்டியல்ல அந்த ரூட் இல்ல, அந்த பக்கம் பாதிப்பு இல்ல. அடுத்தடுத்த நாள்லயே சிசிஏ அதை ரத்து பண்ணிச்சு, ஆனா பட்டியல்ல யார் இருக்காங்கங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னிக்கு தெரிஞ்சுது.

லேப்டாப்ல மூணு வழி இருக்கு. ஆன்டிவைரஸ் ரூட்டை அத்தாரிட்டீஸ் டேப்ல இம்போர்ட் பண்ணலாம், இல்ல கான்ஃபிக் எடிட்டர்ல செக்யூரிட்டி-புள்ளி-என்டர்ப்ரைஸ்-ரூட்ஸ்னு தொடங்கற அந்த அமைப்பை ட்ரூ ஆக்கி விண்டோஸ்ல ஏத்தின ரூட்டையும் நம்ப சொல்லலாம், இல்ல ஆன்டிவைரஸ்ல மெயில் ஸ்கேனை மட்டும் நிறுத்தலாம். நான் மூணாவதுதான் பண்ணேன். அட்டாச்மென்ட்டை சேவ் பண்ணும்போதோ தெறக்கும்போதோ ஃபைல் ஸ்கேன் எப்படியும் பாக்கும், அதுக்காக நடுவுல ஒருத்தரை உக்கார வெச்சு அவர் செர்வர் சர்ட்டிஃபிகேட்டை ஒழுங்கா சோதிப்பார்னு நம்பறது எனக்கு ஒப்பல. 2015 பிப்ரவரில லெனோவா லேப்டாப்கள்ல சூப்பர்ஃபிஷ்னு ஒரு விளம்பர சாஃப்ட்வேர் இதே மாதிரி நடுவுல உக்காந்து, எல்லா லேப்டாப்லயும் ஒரே ரகசிய சாவியை வெச்சிருந்தது வெளிய வந்துச்சு, அந்த சாவியை ஒருத்தர் உடைச்சு எடுத்தப்புறம் அதை வெச்சு யார் வேணா எந்த சைட் மாதிரியும் நடிக்க முடியும்ங்கற நிலை. ஆன்டிவைரஸ் எல்லாம் அப்படின்னு சொல்ல வரல, நடுவுல ஆளை உக்கார வெக்கறதுக்கு ஒரு விலை உண்டுன்னு மட்டும் சொல்றேன். கம்பெனி ஐடி கொள்கையே மெயில் ஸ்கேன் வேணும்னு சொல்ற பெரிய இடத்துல ரெண்டாவது வழி சரி.

கட்டிங் செக்ஷன் மிஷின்ல தேதி 2015 ஜனவரி. மதர்போர்டு பேட்டரி செத்து, கரன்ட் போனா தேதி பழசுக்கு போயிடுது, அந்த மிஷினை பொறுத்தவரைக்கும் சர்ட்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்ல. சிஆர் 2032 பேட்டரி ஒன்னு வாங்கி போட்டு தேதியை திருத்தினதும் சரி.

கடைசியா டிஸ்பாட்ச் மிஷின். இங்க பொட்டியே வரல, வந்ததே இல்லன்னு அந்த அண்ணன் சந்தோஷமா சொன்னார், "நம்ம மிஷின் மட்டும் எப்பவும் தகராறு பண்ணாதுங்க"ன்னு. மத்த 8 மிஷின்லயும் தப்பான சர்ட்டிஃபிகேட் வரும்போது ஒன்னு மட்டும் அமைதியா இருக்குன்னா அது நல்ல செய்தி இல்ல. அக்கவுண்ட் செட்டிங்ஸ் தெறந்து பாத்தேன். போர்ட் 143. கனெக்ஷன் செக்யூரிட்டின்னு இருக்கற எடத்துல "நன்". அனுப்பறதுலயும் 587, "நன்". ஆத்தென்டிகேஷன்ல "பாஸ்வேர்ட், டிரான்ஸ்மிட்டட் இன்செக்யூர்லி".

அதாவது பூட்டே கிடையாது. பூட்டு இல்லாததால காட்ட சர்ட்டிஃபிகேட்டும் இல்ல, சர்ட்டிஃபிகேட் இல்லாததால பொட்டியும் இல்ல. ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் தண்டர்பேர்ட் மெயில் பாக்க போகும்போது யூசர்நேமும் பாஸ்வேர்டும் அப்படியே திறந்த வாக்குல போகுது, நடுவுல இருக்கற யாரும் படிக்கலாம். அதுவும் விண்டோஸ் 7, மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரில கை கழுவின சிஸ்டம், போதாததுக்கு குடோன் வைஃபைல. அந்த வைஃபை பாஸ்வேர்ட் லாரி டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். முன்னாடி ஒரு சர்வீஸ்காரர் வந்தப்ப இந்த பொட்டி தொல்லை தாங்கலன்னு சொல்லி இருக்காங்க, அவர் "சரி பண்ணி" குடுத்துட்டு போயிருக்கார், எப்பன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல.

அந்த நேரம் என் கை நெசமாவே கொஞ்சம் நடுங்குச்சு, ஏன்னா டிஸ்பாட்ச் மெயில் ஐடிக்கு எல்லா இன்வாய்ஸும் காப்பி வரும். மொதல்ல ஓனர்கிட்ட போய் ஒளிக்காம சொன்னேன். பேனல்ல அந்த ஐடிக்கு ஃபார்வர்டர், அதாவது வர்ற மெயிலை தானா வேற ஐடிக்கு அனுப்பற அமைப்பு, எதாவது புதுசா இருக்கா, யாரும் போடாத ஃபில்டர் இருக்கா, லாகின் பதிவுல வெளியூர் ஐபி எதாவது இருக்கான்னு உக்காந்து பாத்தோம், திருடறவன் மொதல்ல வெக்கறது ஒரு ஃபார்வர்டர்தான். சந்தேகப்படற மாதிரி எதுவும் கண்ணுல படல. இருந்தாலும் 9 ஐடிக்கும் அன்னிக்கே பாஸ்வேர்ட் மாத்தினோம், அதுவும் எல்லா மிஷின்லயும் பூட்டு போட்டதுக்கு அப்புறம், முன்னாடி மாத்தினா புது பாஸ்வேர்டும் அதே வழியில வெளிய போயிருக்கும். அந்த விண்டோஸ் 7ஐ மெயிலுக்கு பயன்படுத்த வேண்டாம்னு எடுத்துட்டு, ஆபீஸ்ல சும்மா கெடந்த வேற ஒன்ன அந்த எடத்துல வெச்சோம்.

கடைசியில எல்லா மிஷின்லயும் ஒரே மாதிரி போட்டேன்: உள்ள வர 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், வெளிய போக 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 143லயும் 587லயும் ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டாலும் பூட்டு உண்டு, ஆனா அது மொதல்ல திறந்த வாக்குல பேச்சை ஆரம்பிச்சு, அப்புறம் பூட்டிக்கலாமான்னு கேக்கற முறை, அந்த நடுவுல இருக்கற இடைவெளியில கை வெக்க முடியும். 2021ல ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் மெயில் ப்ரோக்ராம்கள்லயும் செர்வர்கள்லயும் இந்த ஸ்டார்ட்டிஎல்எஸ் சம்பந்தமா 40க்கு மேல ஓட்டை காட்டினாங்க. மொத சொல்லுல இருந்தே பூட்டின வழி இருக்கும்போது, 2018லயே இணைய தரநிலை ஆவணமும் அதைத்தான் சொல்லிருச்சு, வேற எதுக்கு போகணும்? ஹோஸ்டிங்காரர்கிட்ட சொல்லி பூட்டில்லாம பாஸ்வேர்ட் வாங்கறதையே செர்வர்ல நிறுத்த வெச்சேன், இனிமே யாராவது "நன்" போட்டாலும் மெயில் வராது.

அந்த பொண்ணுகிட்ட தனியா அரை மணி நேரம் உக்காந்து அந்த மூணு வரி எங்க இருக்கு, ஒவ்வொன்னும் என்ன சொல்லுதுன்னு காட்டினேன், அது ஒரு நோட்டுல தமிழ்ல எழுதி அக்கா மேஜை பக்கத்துல ஒட்டி வெச்சுது: யார் பேரு, யார் குடுத்தது, தேதி, மூணுல ஒன்னு தப்புன்னா அமுக்காம போன் பண்ணு.

2025 ஜனவரி கடைசியில 60 நாள் கணக்கு வந்துச்சு. காலைலயே என் லேப்டாப்ல இருந்து 993ஐ பாத்தேன், தேதி புதுசாகி இருக்கு, பேரு கம்பெனி பேரு. அக்காவுக்கு போன் போட்டா "பொட்டி எதுவும் வரலையே தம்பி, வரோணுமா?"ன்னாங்க. நான் போனை வெக்கறதுக்குள்ள பின்னால இருந்து அந்த பொண்ணு குரல், "அண்ணா, ஓனர் போன்ல மெயில் ஆப்ல 'எல்லா சர்ட்டிஃபிகேட்டையும் ஏத்துக்கோ'ன்னு ஒன்னு டிக் ஆகி இருக்குங்க, அது இருக்கலாமுங்களா?"

நவம்பர்ல நான் போன்களை பாக்கல. அன்னிக்கு மத்தியானமே திரும்ப போனேன், மொத்தம் ஆறு போன், அதுல ரெண்டுல அந்த டிக் இருந்துச்சு. எடுத்துட்டு, அந்த ரெண்டு ஐடிக்கும் பாஸ்வேர்டை இன்னொரு தடவை மாத்திட்டு வந்தேன்.